புறவாசலில் ஐந்து ஆடு: நெல்லைச் சீமையில் வெள்ளாடு வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

சந்தையில் ஆறு ஆடு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டு வாசலில் இறக்கினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் தொழுவம் இல்லை, தழை இல்லை. அம்மா கொடுத்துவிட்ட இரண்டு ஆடு மட்டும் வேப்பமரத்தடியில் நின்றன. புதுசையும் பழசையும் சேர்த்து அங்கேயே கட்டினேன். பத்தாம் நாள் ஓர் ஆட்டுக்கு மூக்கு ஒழுகியது. மூன்று வாரம் முடியும்போது எட்டில் ஐந்து போய்விட்டன. அம்மா கொடுத்த இரண்டும் அந்த ஐந்தில் அடக்கம்.

மீதி மூன்றுக்குத் தழை தேடி நான் வாய்க்கால் ஓரமாக அலைந்ததைப் பார்த்துத் தெருக்கோடி ஆட்டுக்காரத் தாத்தா கேட்டார்: "ஏட்டி, ஆட்டை வாங்கிட்டா தழைக்கு அலையுத? தழையை நட்டுட்டுல்லா ஆட்டை வாங்கணும்." நான் செய்தது எல்லாமே தலைகீழ். இரண்டாம் தடவை அவர் சொன்ன வரிசையில் செய்தேன். அந்த வரிசைதான் கீழே இருக்கிறது.

எங்கள் ஊர் மானூர் பக்கம், வானம் பார்த்த பூமி. வீட்டைச் சுற்றி நாற்பது சென்ட். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் வெளியூர். அதாவது ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் அளவுக்கான கணக்கு இது. நூறு ஆடு வைத்துப் பண்ணை போட நினைப்பவர்களுக்கு வேறு கணக்கு.

1. பாலா, கறியா?

இரண்டும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். ஆனால் ஆட்டின் இனம் அதைத் தீர்மானித்துவிடும்.

நம் பக்கத்து ஆடு கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பட்டையாக இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் போனால் கொடி ஆடு: நெட்டைக் கால், வெள்ளை உடம்பில் கறுப்புத் தெறிப்பு என்றால் கரும்போரை, சிவப்புத் தெறிப்பு என்றால் செம்போரை. இரண்டும் கறிக்கான ஆடுகள். வெயிலைத் தாங்கும், கிடைத்ததைக் கடிக்கும், இரட்டைக் குட்டி போடும். பால் குட்டிக்குப் போக ஒரு டம்ளர் மிஞ்சினால் அதிகம்.

பால்தான் முக்கியம் என்றால் தலைச்சேரி ஆடு. மலபாரி என்றும் சொல்வார்கள். செங்கோட்டை தாண்டினால் கேரளா என்பதால் நமக்குத் தூரமில்லை. நன்றாகத் தீனி போட்டால் நாளைக்கு ஒரு லிட்டர் எதிர்பார்க்கலாம். ஆனால் அது கவனிப்பு கேட்கும் ஆடு. சித்திரை வெயிலில் மேய விட்டுவிட்டு நீங்கள் தூங்க முடியாது.

என்னிடம் இப்போது நாலு கன்னி, ஒரு தலைச்சேரி. வீட்டுக் காப்பிக்குத் தலைச்சேரி, காசுக்குக் கன்னி. புதிதாகத் தொடங்குபவர்கள் போயர், ஜமுனாபாரி என்று ஒரு கிடாவுக்கு அரை லட்சம் கொடுக்க வேண்டாம். நம் ஊரில் அதைத் திரும்ப வாங்கப்போவது கறிக்கடைக்காரர்தான். அவர் கறிக்கு உள்ள விலையைத்தான் தருவார்.

2. தழை

ஆடி, ஆவணியில் தொடங்குங்கள். ஐப்பசி மழை வரும்போது செடி வேர் பிடித்திருக்க வேண்டும்.

வேலி ஓரம் முழுக்க அகத்தியும் கிளுவையும். உள்ளே பத்து சென்ட்டில் வேலிமசால் என்ற தீவனச் செடி. கிணறோ போரோ இருந்தால் இன்னொரு ஐந்து சென்ட்டில் கோ-4 என்ற தீவனப்புல். வேலிமசால் விதைத்த தொண்ணூறாம் நாள் முதல் அறுப்பு, அப்புறம் நாற்பது நாளுக்கு ஒரு தடவை. கோ-4 எழுபத்தைந்து நாளில் வரும். அகத்தி மட்டும் மெதுவாக வரும். முதல் வெட்டுக்கு எட்டு மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு முதல் வருஷமே மொட்டையடித்தால் செடி பட்டுப்போகும். எனக்குப் பாதி அப்படித்தான் போனது.

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்கு நாலைந்து கிலோ பசுந்தீவனம். ஐந்து ஆட்டுக்கு இருபத்தைந்து கிலோ. அதை தினமும் அறுத்துச் சுமப்பது உங்கள் இடுப்பு என்பதை மறக்க வேண்டாம். பங்குனியிலிருந்து ஆனி வரை பச்சை குறையும். அதற்குக் கடலைக்கொடி, உளுந்தங்கொடி, சோளத்தட்டை அறுவடை நேரத்திலேயே வாங்கிப் போர் போட்டுவிடுங்கள். உடங்காய், அதாவது உடைமரத்துக் காய், உதிரும் காலத்தில் பொறுக்கி மூட்டை கட்டி வைத்தால் அதுவே பாதித் தீவனம். மில்லில் உளுந்தம்பொட்டு கிடைக்கும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து ஆட்டுக்கு 200 முதல் 300 கிராம்.

மூன்று எச்சரிக்கை. இளஞ்சோளப் பயிரில் ஆட்டை விடாதீர்கள்; பூக்காத பயிரிலும், மழையில்லாமல் வாடிய பயிரிலும் நஞ்சு இருக்கும். மேய்ந்த கொஞ்ச நேரத்தில் ஆடு சுருண்டு விழும். மழை பெய்த காலையில் ஈரப்புல்லை வயிறு முட்டத் தின்ன விடாதீர்கள். மூன்றாவது, சோறு. பொங்கலுக்கு மறுநாள் மிஞ்சிய சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் பிரியத்தில் வைத்தேன். இரவுக்குள் ஒரு ஆடு வயிறு ஊதி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. டாக்டர் சமையல் சோடா கரைத்து ஊற்றச் சொல்லி, வந்து ஊசி போட்டதால் பிழைத்தது. கல்யாண வீட்டு மிச்சமும் இதே கதைதான்.

3. தொழுவம்

ஆடு நனையக் கூடாது, நனைந்த தரையில் படுக்கவும் கூடாது. மீதி எல்லாம் வசதிக்கு ஏற்றபடி.

நான் போட்டது 15 அடிக்கு 12 அடி பரண். பெரிய ஆட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சதுர அடி, குட்டிக்கு ஐந்து என்று வைத்தால் ஐந்து தாய் ஆடும் அதன் குட்டிகளும் தாராளமாக இருக்கும். தரைக்குப் பனஞ்சட்டம். நம் பக்கம் மலிவு, ஈரத்துக்கும் சீக்கிரம் உளுக்காது. சட்டத்துக்குச் சட்டம் விடும் இடைவெளியில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். புழுக்கை விழ வேண்டும், குட்டியின் கால் விழக் கூடாது. ஒன்றரை சென்டிமீட்டர் போதும். ஆசாரி கண்ணால் பார்த்து அடித்த இடத்தில் எனக்கு ஒரு குட்டியின் கால் மாட்டி ஒடிந்தது. அளவுக்குக் கட்டையைக் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

பரணின் உயரம் நாலடிக்குக் குறைய வேண்டாம். கீழே விழும் புழுக்கையைக் கூட்டி அள்ள ஆள் குனிந்து போக வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் 2023 டிசம்பர் 17, 18. அந்த மழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் தரையில் கட்டிக் கிடந்த ஆடுமாடுகள் எத்தனை போயின என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தொழுவத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீர் ஓடியது. மேலே ஆடு நின்று அசை போட்டது.

வாடைக் காற்று அடிக்கும் பக்கம் மட்டும் தட்டி, மற்ற மூன்று பக்கம் காற்றோட்டம். நாய் ஏறாத மாதிரி கதவு. பாபநாசம், கடையம், களக்காடு என்று மலையடிவாரத்தில் இருப்பவர்கள் சிறுத்தையையும் கணக்கில் வைத்துக் கம்பி வலையை மேலேயும் மூடிக் கட்டுங்கள். அடித்துப்போட்டால் உடலை நகர்த்தாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்து எழுதினால்தான் நிவாரணம் கேட்க முடியும்.

எனக்கு ஆன செலவு 42,000 ரூபாய். தகரக் கூரை போடாமல் பனையோலை வேய்ந்திருந்தால் பத்தாயிரம் குறைந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற ஆள் தேட வேண்டும், அவ்வளவுதான்.

4. காகித வேலை

ஆடு வருவதற்கு முன்னே முடித்துவிடுங்கள். ஒரு உறையில் ஆதார், பான், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பட்டா, சிட்டா நகல் நாலு செட், பாஸ்போர்ட் அளவு போட்டோ. எங்கே போனாலும் இதைத்தான் கேட்பார்கள்.

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். ஆடு இல்லாதபோது போய் அறிமுகமானால் ஆடு படுத்திருக்கும்போது போன் எடுப்பார். 1962 என்ற எண்ணையும் தொழுவத்துக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்துவிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண். ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சி எப்போது என்று கேட்டு ஒரு நாள் போய் வாருங்கள். சான்றிதழ் கொடுத்தால் பத்திரமாக வையுங்கள், கடன் கேட்கும்போது உதவும்.

கடன் என்றதும் எல்லோரும் மானியத்தைத்தான் கேட்பார்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் பாதிச் செலவு மானியம் உண்டு. ஆனால் அது குறைந்தது 100 பெட்டையும் 5 கிடாவும் வைப்பவர்களுக்கு. பணமும் முன்கூட்டி வராது, வேலை நடந்ததைப் பார்த்துத் தவணையாக வரும். ஐந்து ஆட்டுக்காரியிடம் "நான் வாங்கித் தாரேன்" என்று ஒருத்தர் ஐயாயிரம் கேட்டார். கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

நமக்குப் பொருந்துவது கிசான் கிரெடிட் கார்டு. பயிருக்கு மட்டும் இல்லை, ஆடு மாட்டுக்கும் உண்டு. வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறையும். 2025 ஜனவரியிலிருந்து இரண்டு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. நான் போன வங்கியில் "நகை இருக்காம்மா?" என்றுதான் முதல் கேள்வி. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், பேச்சு மாறும். எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தக் கடன் தீவனத்துக்கும் வைத்தியத்துக்கும்தான். ஆடு வாங்கும் காசு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. அரசு மானியத்தோடு எப்போது போடுகிறார்கள் என்று மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். காதில் அடையாள எண் உள்ள தோடு போட்டு, டாக்டர் சான்று, ஆட்டோடு நீங்கள் நிற்கும் போட்டோ, இவ்வளவுதான். சிக்கல் பின்னால் வரும். தோடு விழுந்துவிட்டால் அன்றே சொல்லிப் புதுத் தோடு போட வேண்டும். தோடு இல்லாத ஆட்டுக்குக் காசு இல்லை. ஆடு செத்தால் புதைக்கும் முன் டாக்டர் வந்து அறுத்துப் பார்த்துச் சான்று தர வேண்டும். மனசு கேட்காமல் அவசரமாகப் புதைத்துவிட்டு அப்புறம் அலைந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இரண்டு பேர்.

5. ஆடு வாங்குவது

தை, மாசியில் வாங்குங்கள். மழை நோய் முடிந்திருக்கும், தழை நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்றால், ஏன் குறைவு என்று யோசியுங்கள்.

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை, எட்டயபுரத்தில் சனிக்கிழமை சந்தை. இரண்டு தடவை வெறும் கையோடு போய் நின்று பாருங்கள். விலை போகும் விதம், தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது, எந்த ஆட்டை யார் வாங்குகிறார்கள், எல்லாம் புரியும். ஆனால் வளர்ப்புக்கான முதல் ஆட்டைச் சந்தையில் வாங்க வேண்டாம் என்பேன். பத்து ஊர் ஆடு ஒன்றோடு ஒன்று மூக்கு உரசி நிற்கும் எந்த இடத்திலும் நோய் கைமாறும். நல்ல தாய் ஆட்டை யாரும் சும்மா விற்கவும் மாட்டார்கள்.

ஊருக்குள் தேடுங்கள். மகள் கல்யாணம், வீடு மாறுவது, வயசானது என்று காரணம் தெரிந்து விற்பவர்களிடம் வாங்குங்கள். அந்த ஆட்டின் தாயையும் பார்க்கலாம், கூடப் பிறந்ததையும் பார்க்கலாம். இரண்டாம் தடவை நான் ஐந்தையும் இரண்டே வீட்டில் வாங்கினேன். ஆடு ஒன்று 8,500.

பார்க்க வேண்டியவை: வாயைத் திறந்து கீழ்ப்பல்லைப் பாருங்கள். எல்லாம் பொடிப் பல் என்றால் ஒரு வயசுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் என்றால் ஒன்று, ஒன்றரை வயசு. நாலு பல் இரண்டு வயசு, ஆறு பல் மூன்று. எட்டும் முளைத்துத் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் "தலையீத்து ஆடு", அதாவது முதல் குட்டி போட்ட ஆடு, என்று விற்பவர் சத்தியமே செய்தாலும் கிளம்பிவிடுங்கள். இரண்டு பல், நாலு பல் ஆடுதான் வாங்க ஏற்றது. அப்புறம் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிறு நிறையப் புழு. வாலைத் தூக்கிப் பாருங்கள், கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று. மடியைக் கையால் பிடித்துப் பாருங்கள்: கட்டி இருக்கக் கூடாது, இரண்டு காம்பிலும் பால் வர வேண்டும்.

குட்டியோடு விற்கும் ஆடு என்றால் குட்டியைப் பிரித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து விடச் சொல்லுங்கள். தாய் முகர்ந்து பார்த்துப் பால் கொடுத்தால் அதன் குட்டி. முட்டித் தள்ளினால் வேறு ஆட்டுக் குட்டியைச் சேர்த்து விலை ஏற்றியிருக்கிறார்கள். விடியற்காலை போய்ப் பார்ப்பது நல்லது. உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை நிரப்பி "சினை ஆடு" என்று காட்டும் வித்தை காலை ஆறு மணிக்குச் செல்லாது.

ஐந்து ஆட்டுக்குக் கிடா வாங்க வேண்டாம். ஊரில் நல்ல கிடா வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்ளலாம். கிடாவுக்குத் தீனி தனி, நாற்றம் தனி. அந்த நாற்றம் பாலிலும் ஏறும்.

வாங்கியதற்குச் சீட்டு ஒன்று எழுதி வாங்குங்கள். சந்தை என்றால் சுங்க ரசீது. ஆடு திருடுபவர்கள் பைக்கிலேயே தூக்கிப்போகும் காலம் இது. வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும்.

6. முதல் 21 நாள்

புது ஆட்டைப் பழைய ஆட்டோடு சேர்க்காதீர்கள். தனிக் கட்டு, தனித் தண்ணீர்த் தொட்டி, பழைய ஆட்டுக்குத் தீனி போட்ட பிறகுதான் புதுசுக்கு. என் ஐந்து ஆடும் போனது இந்த ஒரே இடத்தில்தான். அது ஆட்டுக்கொல்லி நோய், பிபிஆர் என்பார்கள். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்க்குள் புண், நாறும் கழிச்சல், கடைசியில் இழுப்பு. வைரஸ் நோய் என்பதால் வந்தபிறகு நேரடி மருந்து கிடையாது.

7. ஊசியும் புழு மருந்தும்

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு ஒரு தடவை போட்டால் மூன்று வருஷம் தாங்கும், மருந்தகத்தில் கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து ஆடு செலவானது.

துள்ளுமாரிக்கு (குடலில் நஞ்சு ஏறும் நோய்) மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் ஊசி. முதல் தடவை போடும் ஆட்டுக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. கோமாரிக்கு அரசு முகாம் போடும்போது தவறவிடாதீர்கள். குடற்புழு மருந்து மழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம். எடை பார்த்து, டாக்டர் சொன்ன அளவு, ஒவ்வொரு தடவையும் அதே மருந்து வேண்டாம். சினை பிடித்த முதல் மாதங்களில் அல்பென்டசோல் கொடுக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும்போது இதைச் சொல்ல மாட்டார்கள். தேதிகளை எல்லாம் நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைக்கிறேன்.

8. சினையும் குட்டியும்

வாலை ஆட்டிக்கொண்டு, காரணம் இல்லாமல் கத்தினால் ஆடு கிடாவுக்கு வந்திருக்கிறது. ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள்தான். அதை விட்டால் மறுபடி வர மூன்று வாரம். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால் கணக்கு சுலபம். ஆவணி, புரட்டாசியில் சேர்த்தால் குட்டி தை, மாசியில் வரும். வைகாசி, ஆனியில் சேர்த்தால் கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் குட்டி விழும், பாதி தேறாது.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துணியால் துடையுங்கள். தொப்புள் கொடியை இரண்டு விரல்கடை விட்டுக் கட்டி வெட்டி, டிஞ்சர் அயோடினில் முக்குங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். "சீம்பால் செரிக்காது, கறந்து ஊற்றிடு" என்று எங்கள் பெரியம்மா சொன்னார். முதல் குட்டிக்குக் கேட்டேன், அப்புறம் கேட்கவில்லை. நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் கையால் இழுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

9. பால்

குட்டி இரண்டு மாதம் ஆகும்வரை நான் கறப்பதில்லை. பிறகு இரவில் குட்டியைத் தனியாக அடைத்து, காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுவேன். பகல் பால் குட்டிக்கு. முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக விழுந்தால் மடிநோய், அந்தப் பாலைச் சேர்க்காதீர்கள். பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு ஆட்டுப்பால் நல்லது என்று கேட்டு வருவார்கள். ஒரு வயசுக்குள் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

10. விற்பது, செலவுக் கணக்கு

எனக்கு ஆனது: தொழுவம் 42,000, விதை, புல் கரணை, வேலியெல்லாம் 3,500, ஆடு ஐந்து 42,500, தொட்டி வாளி 1,800, ஊசி மருந்து இன்சூரன்ஸ் 2,500. மொத்தம் 92,300. முதல் வருஷத் தீனி எட்டாயிரம் சேர்த்தால் லட்சம் தாண்டும். முதல் வருஷம் வரவு என்று ஒன்றும் இல்லை. பெட்டைக்குட்டியை விற்காமல் வைத்துக்கொண்டால் இரண்டாம் வருஷமும் கொஞ்சம்தான். மாதச் சம்பளம் மாதிரி எதிர்பார்த்து இறங்க வேண்டாம்.

கண்மதிப்பில் விற்றால் நமக்குத்தான் நஷ்டம். தராசு இல்லாவிட்டாலும் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளவெடுங்கள், அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளம், அதாலும் பெருக்கி 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். நெஞ்சு 24, நீளம் 22 என்றால் 19 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறி நிற்கும். அன்றைய கறி விலையை வைத்துப் பெருக்கினால் வியாபாரி எதை மனதில் வைத்துக் கேட்கிறார் என்று தெரிந்துவிடும். டேப்பை எடுத்த அன்றைக்கு ஒரே கிடாவில் 1,200 ரூபாய் கூடக் கிடைத்தது.

சாதாரண நாளில் விற்காமல் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் பக்ரீத்துக்கும் வையுங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில், சித்திரை வைகாசியில் ஊர்க் கொடை, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவில் என்று கிடா கேட்டு வருவார்கள். என்னிடம் நேர்ச்சைக்கு வந்தவர்கள் காயடிக்காத கிடாவைத்தான் கேட்டார்கள், அதிலும் கறுப்பு. பக்ரீத்துக்கு வருபவர்கள் ஒரு வயசு முடிந்ததா என்று பார்ப்பார்கள். காது கிழிந்தாலோ கொம்பு ஒடிந்தாலோ வேண்டாம். அதனால் விற்க நினைக்கும் கிடாவைத் தனியாகக் கட்டுங்கள், சண்டை போட்டுக் கொம்பை உடைத்துக்கொள்ளும். பக்ரீத் வருஷத்துக்குப் பத்து பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

போன தடவை பேட்டையிலிருந்து வந்த பாய் வாயைத் திறந்து இரண்டு பல்லையும் பார்த்துவிட்டு, "டேப் வச்சிருக்கீங்களாமே அக்கா, நீங்களே அளந்து சொல்லுங்க" என்றார். அளந்தேன். ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டார்; இருநூறு விட்டுக் கொடுத்தேன்.